முட்டி ஆபரேஷனுக்கு முன் வாத மாத்திரை: நிறுத்துவதா, தொடர்வதா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வருடக்கணக்காக வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைத்த கை என் பெரியம்மாவுடையது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிவிட்டன, இப்போது முட்டியும் தேய்ந்துவிட்டது. முட்டி மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் வீட்டில் இரண்டு கட்சி.

ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த மாமா, "அந்த மாத்திரை எல்லாம் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்க்கா. ஒரு மாசம் நிறுத்திடு, இல்லேன்னா புண்ணு சீழ் பிடிச்சுக்கும்" என்றார். பெரியம்மா கேட்கவில்லை. முன்பு ஒருமுறை நிறுத்தியபோது டீ டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்கினார்.

மாமாவின் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் முடக்குவாதத்துக்கு முதலில் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை விஷயத்தில் அது பொருந்தவில்லை. 2001-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில் எலும்பு ஆபரேஷன் செய்துகொண்ட 388 முடக்குவாதக்காரர்களைக் கவனித்தார்கள். மெத்தோட்ரெக்சேட்டைத் தொடர்ந்தவர்களில் சுமார் 2 சதவீதத்தினருக்குத்தான் தொற்றோ வேறு சிக்கலோ வந்தது; நிறுத்தியவர்களில் 15 சதவீதம். நிறுத்தினால் இன்னொரு வம்பும் உண்டு. ஆபரேஷன் முடிந்ததும் வாக்கரைப் பிடித்து நடக்கச் சொல்வார்கள். வாதம் திரும்பக் கிளம்பி மணிக்கட்டு வீங்கிக் கிடந்தால் வாக்கரை எதால் பிடிப்பது? புது முட்டி நன்றாக இருந்தும் ஆள் கட்டிலோடு கிடக்க வேண்டியதுதான்.

ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்பாசலசின், லெஃப்ளூனோமைடு ஆகிய மற்ற வாத மாத்திரைகளையும் தொடரலாம் என்றே அமெரிக்க வாத மருத்துவர் சங்கத்தின் 2017, 2022 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. காய்ச்சல், தொற்று, சிறுநீரகக் கோளாறு இருந்தால் கணக்கு மாறும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மாமா ஜெயிக்கும் இடம் பயாலஜிக் ஊசிகள், அதாவது எதிர்ப்புச் சக்தியின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் அடக்கும் வாத மருந்துகள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் அடாலிமுமாப் என்றால், அடுத்த ஊசியைத் தள்ளிவைத்து, கடைசியாகப் போட்டதிலிருந்து மூன்றாவது வாரம் ஆபரேஷன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ரிடுக்சிமாப் என்றால் ஏழாவது மாதம். ஊசியாக இல்லாவிட்டாலும் டோஃபாசிடினிப் மாத்திரையும் இந்தக் கணக்கில்தான்; அதை 3 நாள் முன்னால் நிறுத்தினால் போதும். தையல் பிரித்து, காயம் ஆறி, தொற்று இல்லை என்றானதும், சுமார் 14 நாளில் திரும்பத் தொடங்கலாம். ஆக, நிறுத்துவதை விடத் தேதியைப் பொருத்துவதுதான் இங்கே வேலை.

ஸ்டீராய்டில் இரு கட்சியுமே உஷாராக இருக்க வேண்டும். நாள்பட எடுப்பவர்கள் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் படுத்துவிடும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்கும்படி முன்கூட்டியே டாக்டர் குறைத்துவைப்பது நல்லது. ஆபரேஷன் அன்றும் வழக்கமான அளவுதான்.

இதெல்லாம் நாள் குறித்துச் செய்யும் இடுப்பு, முட்டி மாற்றுக்கு. விழுந்து எலும்பு முறிந்தால் தேதி பார்க்க நேரமிருக்காது.

எலும்பு டாக்டரிடம் ஒரு ஃபைல், வாத டாக்டரிடம் ஒரு ஃபைல் என்று இருந்ததால், மாத்திரை அட்டைகளை ஒரே பையில் போட்டு இரண்டு இடத்துக்கும் கொண்டுபோனோம். பெரியம்மாவுக்கு ஊசி கிடையாது. ஞாயிறு மட்டும் மெத்தோட்ரெக்சேட், தினமும் 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு. எதையும் நிறுத்த வேண்டாம் என்றார்கள் இரண்டு டாக்டர்களும்.

"அப்ப நான் சொன்னது ஊசிக்காரங்களுக்கா?" என்றார் மாமா.

"ஆமா சாமி, யாராச்சும் கிடைச்சா அவங்ககிட்டப் போய்ச் சொல்லு" என்றார் பெரியம்மா.