சென்னை டூ பாரிஸ் 10 மணி நேரமாம், சொல்றவன் பாண்டியிலேர்ந்து கெளம்பிப் பாக்கட்டும்

டிக்கெட் வெல கொஞ்சம் எறங்கியிருக்குன்னு கேள்விப்பட்டு கடலூர்லேர்ந்து ஒரு அண்ணன் மெசேஜ் போட்டிருந்தாரு, "பாரிஸ் 8,000 கிலோமீட்டர், 10 மணி நேரம்னு போட்டிருக்கான், அவ்ளோதானா?"ன்னு. தம்பி அங்க இருக்கறதால வருஷக்கணக்கா இந்த ரூட்லதான் போய்ட்டு வரேன், அந்த 10 மணி நேரத்த நம்பி யாரும் லீவு போடாதீங்க.

கணக்கு தப்புன்னு சொல்லல. உருண்ட பூமி மேல ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நூல் புடிச்சா 8,000 தான் வருது, அத விமான வேகத்தால வகுத்து, ஏற எறங்கன்னு ஒரு அரை மணி சேத்துடறாங்க. ஆனா நம்ம வீடு மீனம்பாக்கத்துலயா இருக்கு? பாண்டி லாஸ்பேட்டையில ஏர்போர்ட் இருக்கு, ரன்வே 1,500 மீட்டர், ஏடிஆர் மாதிரி சின்ன விமானம்தான் எறங்கும், அத வெச்சு எங்க பாரிஸ் போறது. அதனால டாக்ஸிதான். ஃப்ளைட் விடியக்காலையில, அம்மா சாயங்காலமே பொடவ மாத்திட்டு பெட்டி பக்கத்துல உக்காந்துடுவாங்க. திண்டிவனத்துல டீ குடிக்கிற வரைக்கும் எல்லாம் சொகம், செங்கல்பட்டு தாண்டினா போச்சு, கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர்னு வண்டி அப்படியே நிக்கும். 150 கிலோமீட்டருக்கு 4 மணி நேரம்! அதே 4 மணி நேரத்துல விமானம் 2,900 கிலோமீட்டர் பறந்து துபாய்லயே எறங்கிடுது. கடலூர்லேர்ந்து வர்றவங்க இன்னும் ஒரு மணி நேரம் சேத்துக்கோங்க, ஏர்போர்ட்ல 3 மணி நேரம் முன்னாடியே போய் நிக்கணும், அது தனி.

துபாய் வழியா போனா சுத்துன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அது சும்மா. துபாய்லேர்ந்து பாரிஸ் 5,240 சொச்சம், கூட்டிப் பாத்தா நேர்கோட்ட விட 150 கிலோமீட்டர்தான் அதிகம், அதாவது நம்ம பாண்டி-சென்னை ரோடு அளவு. நேரத்த திங்கறது அங்க உக்கார வெக்கறதுதான், 2-3 மணி நேரத்துல அடுத்த ஃப்ளைட் கெடச்சா புண்ணியம்.

இன்னொரு கூத்து, டிக்கெட்ல இருக்கற மணி. அந்தந்த ஊர் நேரம் போட்டிருப்பான், பாரிஸ் நமக்கு கோடையில மூன்றரை மணி நேரம், குளிர்ல நாலரை மணி நேரம் பின்னாடி, அதனால போறது சின்னதாவும் வர்றது நீளமாவும் தெரியும். நெசம் தலகீழு. போறப்ப எதிர்காத்து, சீட்டு முன்னாடி ஸ்கிரீன்ல வேகம் 880, 850, 810னு எறங்கறத பாத்தா நமக்கே மூச்சு வாங்கும். வர்றப்ப அதே காத்து பின்னாடி தள்ளறதால துபாய் வரைக்கும் அரை மணி நேரமாச்சும் மிச்சம்.

ஆக வாசல்லேர்ந்து வாசலுக்கு ஒரு முழு நாள். விமானம் நல்லாருக்கு, சாப்பாடு பரவால்ல, அம்மாவுக்கு வீல்சேர் கேட்டா மரியாதையா கூட்டிட்டுப் போறாங்க, கொற சொல்ல ஒண்ணுமில்ல. இருந்தும் 5க்கு 2 தான் குடுப்பேன். பெருங்களத்தூர்ல வண்டி நகரட்டும், அப்ப வேணா 4 ஆக்கறேன்.