இல்லத்துக்கா, அப்பத்தா வீட்டுக்கா, ஊர்ப் படிப்பு மையத்துக்கா? கடலோரப் பிள்ளைகளின் கல்விக்குத் தரும் நன்கொடை

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை வழியாக மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில், பெற்றோரை இழந்த பிள்ளையின் படிப்புக்கு உதவ நினைப்பவர் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. குழந்தைகள் இல்லத்துக்கு நன்கொடை தரலாம்; அப்பத்தா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ வளரும் பிள்ளைக்கு மாதந்தோறும் பணம் அனுப்பலாம்; அல்லது ஊரிலேயே மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றை நடத்த உதவலாம்.

கொடுப்பவருக்கு எளிதானது இல்லம்தான். ரசீது உடனே கிடைக்கும். 80ஜி எனப்படும் வருமான வரி அனுமதி பெற்ற நிறுவனமாக இருந்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகையும் கிடைக்கலாம். ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை நிறுவனத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. இல்லங்கள் பதிவு பெறுவதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. எனவே பதிவுச் சான்றிதழைப் பார்த்த பிறகே பணம் தர வேண்டும். தாய் உயிரோடிருந்தும், சோற்றுக்கும் படிப்புக்கும் வழியின்றி இல்லத்தில் விடப்பட்ட பிள்ளைகளும் உண்டு. அந்தச் செலவை வீட்டிலேயே தாங்கிக்கொடுத்தால் அவர்கள் தாயோடு இருந்திருப்பார்கள். (பிறந்தநாள் சாப்பாடு போடப் பலர் வருகிறார்கள், கணக்கு சொல்லித்தருபவரின் சம்பளத்தை ஏற்க முன்வருபவர் அரிது.)

உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு அரசே உதவுகிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாயும், 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாயும் தர வழியுண்டு. பிறகு தனியார் உதவி எதற்கு என்று கேட்கலாம். கடலுக்குப் போன தகப்பன் திரும்பாமல், உடலும் கரை ஒதுங்காமல் போனால், ஏழாண்டுகள் கழிந்த பின்னரே அவர் இறந்ததாகக் கொள்வது சட்டத்தின் பொது விதி. இறப்புச் சான்றிதழ் இல்லாத அந்தக் காலத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிடுகிறது. அரசுத் திட்டத்தின் கதவு காகிதத்தைக் கேட்கும் இடத்தில், காகிதம் கேட்காத பணம் தேவைப்படுகிறது.

அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை, மதிய உணவு, பஸ் பாஸ் எல்லாம் இலவசம் என்பதால் கட்டணம் இங்கே பெரிய சிக்கல் அன்று, காலமே சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தடைக்கால நிவாரணத்தை 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023-இல் மண்டபத்தில்தான் வெளியானது என்றாலும், இரண்டு மாத வீட்டுச் செலவுக்கு அது போதாது. வட்டிக்கு வாங்கிச் சமாளிக்கும் அந்த வீட்டில், படகு கடலுக்கு இறங்கும் முன்பே பள்ளி திறந்துவிடுகிறது. பையும் செருப்பும் டியூஷன் முன்பணமும் கேட்கும் அந்த வாரத்தில்தான், வளர்ந்த பையன் படகுக்கும், அக்காள் கடற்பாசி எடுக்கவும் போகத் தொடங்குகிறார்கள். படகில் ஏறினால் அன்றைக்கே மீன் விற்ற பங்குக் காசு கையில் விழும். உதவித்தொகை அதனோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. அனுப்பும் பணம் வீட்டுக் கடனுக்குப் போய்விடும் அபாயமும் மெய்தான். பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கும், பள்ளி வருகையைப் பார்த்துவர ஊரில் ஓர் ஆளும் இருந்தால் அது பெருமளவு குறையும்.

மாலை மையத்தின் சிறப்பு, தகப்பனில்லாப் பிள்ளையைத் தனியே அடையாளம் காட்டாமல் எல்லாரோடும் உட்காரவைப்பது. அதன் குறை, ஒரே ஆசிரியையை நம்பி நிற்பது; அவர் திருமணமாகி வேறு ஊர் போனால் மையமும் மூடப்படும்.

தனி ஒருவர் மாதம் ஆயிரம், இரண்டாயிரம் ஒதுக்குவதானால் உறவினர் வீட்டுப் பிள்ளைக்கே கொடுக்க வேண்டும் என்பது என் முடிவு. வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து திரட்டும் தொகையானால், இரண்டு ஆசிரியர்களின் மூன்றாண்டுச் சம்பளத்தை முன்கூட்டியே ஒதுக்கி மையம் நடத்துவது பொருந்தும். யாருமற்ற பிள்ளைக்கும், வீடே பாதுகாப்பற்றது என்று குழந்தைகள் நலக் குழு கண்ட பிள்ளைக்கும் இல்லம் வேண்டும். அங்கும் சாப்பாட்டுக்கு முன்னால் பணியாளர் சம்பளத்துக்குக் கொடுப்பது நல்லது. எந்த வழியானாலும், ஆண்டுத் தொகையில் பெரும்பங்கு மே மாத இறுதிக்குள் போய்ச் சேர வேண்டும். ஜூலையில் வரும் பணம் படகில் ஏறிவிட்ட பையனை வகுப்புக்குத் திரும்ப அழைத்துவருவது கடினம்.