5700 வேறு, 5700எக்ஸ் வேறு: சேலத்தில் ஃப்ளைட் சிம் கணினி வாங்குவோர் கவனத்துக்கு

ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாடக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு கணினி அசெம்பிள் செய்யலாம் என்று சேலத்தில் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கேட்ட 5700எக்ஸ் ப்ராசஸருக்குப் பதில் குறைந்த ரகமான 5700-ஐ மாட்டிக் கொடுத்த கடையின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் இன்னும் முடியவில்லை. அதோடு, இதே வேலையை எந்தக் கடையிலும் செய்யலாம் என்பதால் பெயரைவிட ஏமாற்றிய விதம் தெரிந்திருப்பதுதான் உங்களுக்கு உதவும்.

நான் கேட்டது இவ்வளவுதான்: ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 5700எக்ஸ் ப்ராசஸர், பி550 போர்டு, 16 ஜிபி ரேம் இரண்டு. கிராஃபிக்ஸ் கார்டு ஏற்கெனவே கையில் இருந்தது, ஆர்டிஎக்ஸ் 3060. வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வந்தது. அதில் 5700எக்ஸ் என்றே போட்டிருந்தார்கள். விலையும் அதற்கு உரிய விலை. பணம் கட்டி, எல்லாம் மாட்டிய கேபினெட்டை வாங்கி வந்தேன். ப்ராசஸர் பெட்டி எங்கே என்று கேட்டதற்கு, "குடோன்ல இருக்குங்க சார், அப்புறம் அனுப்பிவிடறேன்" என்றார் கடைக்காரர். பில்லுக்குப் பதில் ஒரு எஸ்டிமேட் சிலிப். ஜிஎஸ்டி பில் ஆடிட்டர் வந்ததும் போட்டுத் தருவார்களாம்.

கமலாபுரத்தில் இருக்கும் நம் விமான நிலையத்துக்கு 2023 அக்டோபரில் மறுபடி விமானங்கள் வரத் தொடங்கியதிலிருந்து எனக்கு ஒரே பைத்தியம். சுமார் 1,800 மீட்டர் ஓடுபாதை, கிழக்கே சேர்வராயன் மலை, சிமுலேட்டரில் ஏடிஆர் 72 என்ற சிறிய பயணிகள் விமானத்தை எடுத்துக்கொண்டு மலையை ஒதுக்கிச் சென்னைக்குத் திரும்புவது. அந்த மலைப்பக்கம் ஓரளவு நன்றாகத்தான் ஓடியது. சென்னையை நெருங்கியதும் கட்டடங்கள், மற்ற விமானங்கள், ஏடிஆரின் காக்பிட் திரைகள் எல்லாம் சேர்ந்துகொள்ள, படம் விக்கி விக்கி நின்றது. தரையைத் தொடுகிற நேரத்தில் அரை நொடி உறைந்தால் போதும், எப்படி இறங்கினோம் என்று நமக்கே தெரியாது.

கடைக்குப் போன் செய்தேன். ரிமோட்டில் வந்து பார்த்துவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினார். "பாருங்க சார், சிபியு முப்பது பர்சென்ட்தான் ஓடுது. ப்ராசஸர் சும்மா உக்காந்திருக்கு. உங்க கார்டு பத்தலை, பெருசா போட்டுடலாம்." கேட்கிறவருக்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அது சரியல்ல. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் பல பேரிடம் தேவையே இல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டு விற்கிறார்கள்.

கோர் என்பது ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதி, திரெட் என்பது அதில் ஓடும் ஒரு வேலை வரிசை. எட்டு கோர், பதினாறு திரெட் உள்ள ப்ராசஸரில் ஒரே ஒரு திரெட் முழு மூச்சாக ஓடினால், மொத்தக் கணக்கில் அது ஆறு சதவீதம்தான். டாஸ்க் மேனேஜர் காட்டுவது சராசரி. ஃப்ளைட் சிமுலேட்டரிலோ விமானத்தின் பறப்புக் கணக்கு, காக்பிட் கருவிகள், சுற்றிலும் பறக்கும் மற்ற விமானங்கள் என்று பெரும்பாலான சுமை ஒரு முதன்மைத் திரெட்டின் தலையில் விழுகிறது. மற்ற கோர்கள் உதவிக்கு வரும், ஆனால் அந்த ஒன்று முடியாமல் அடுத்த ஃபிரேம் வராது. கார்டு பாதிச் சுமையில் காத்துக்கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை ஆன் செய்து ஃபிரேம் கணக்கைத் திரையில் வரவழைத்தால், எது பிடித்து இழுக்கிறது என்று அதுவே சொல்லும். எனக்கு மெயின் திரெட் என்றுதான் வந்தது. கார்டுக்கும் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை.

அதே டாஸ்க் மேனேஜரில், அவர் காட்டாமல் விட்ட ஒரு வரி கீழே இருக்கிறது. எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்: 16 எம்பி. 5700எக்ஸ் என்றால் அங்கே 32 இருக்க வேண்டும். பெயரைப் பார்த்தேன். ரைசன் 7 5700. எக்ஸைக் காணோம்.

இரண்டும் எட்டு கோர், பதினாறு திரெட். உச்ச வேகமும் இரண்டுக்கும் 4.6 கிகாஹெர்ட்ஸ். அதனால்தான் மாற்றி வைப்பது சுலபம். ஆனால் உள்ளே இருக்கும் சில்லு வேறு. எக்ஸ் இல்லாத 5700, கிராஃபிக்ஸ் பகுதியோடு வரும் 5700ஜி குடும்பத்துச் சில்லு. அந்தக் கிராஃபிக்ஸை முடக்கி விற்பது. கேஷ் பாதி. கார்டு பேசும் பிசிஐஇ பாதையும் 4.0 இல்லை, பழைய 3.0. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், சில்லின் பெயர் 5700எக்ஸுக்கு வெர்மீர் என்றும், 5700-க்கு செசான் என்றும் காட்டும்.

கேஷ் பாதியானால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் கடுகை எடுப்பதற்கும், கடுகு வாங்க மளிகைக் கடைக்கு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் கேஷுக்கும் ரேமுக்கும். சிமுலேட்டர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சிதறிக் கிடக்கும் ஏராளமான தரவைத் தொடுகிறது. கேஷில் இல்லாததை ரேமில் போய் எடுக்கும்வரை அந்த முதன்மைத் திரெட் சும்மா நிற்கும். 96 எம்பி கேஷோடு 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி-யை ஃப்ளைட் சிம் ஆட்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதற்குக் காரணம் இதுதான். அதன் உச்ச வேகம் சாதாரண 5800எக்ஸைவிடக் குறைவு. இருந்தும் சிமுலேட்டரில் அதுதான் முந்தியது.

என் கணினியில் அந்த ரேமிலும் கை வைத்திருந்தார்கள். 16 ஜிபி இரண்டு கேட்ட இடத்தில் 32 ஜிபி ஒன்று. "கணக்கு ஒண்ணுதானே சார்." ஒன்றில்லை. சேனல் என்பது ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை. இரண்டு குச்சி போட்டால் இரண்டு சேனல், ஒன்று போட்டால் ஒரே சேனல், அகலம் பாதி. போதாததற்கு ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பை பயாஸில் ஆன் செய்யாமல், 3200-ல் ஓட வேண்டியது 2400-ல் ஓடிக்கொண்டிருந்தது. பாதிக் கேஷ் உள்ள ப்ராசஸர் அடிக்கடி ரேமுக்கு ஓடும். ஓடுகிற பாதையும் பாதி. இரண்டும் சேர்ந்துதான் அந்த விக்கல்.

நேரில் போய்க் கேட்டதற்கு வந்த பதில், "ஒரு எழுத்துதானே சார், பர்ஃபாமன்ஸ் எல்லாம் ஒண்ணுதான்." ஒன்றுதான் என்றால் விலையும் ஒன்றாக இருக்க வேண்டுமே என்றேன். பக்கத்தில் நின்ற பையன் தலையைக் குனிந்துகொண்டான். பெட்டி கடைசிவரை வரவில்லை. சில்லறைப் பெட்டி இல்லாமல் வரும் ட்ரே ப்ராசஸர் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்கள். பெட்டியோடு வாங்கினால் ஏஎம்டி நிறுவனமே மூன்று வருட வாரண்டி தரும். ட்ரேயில் வருவதற்கு விற்றவர்தான் பொறுப்பு, அந்த விற்றவர் கையில் கொடுத்திருப்பது எஸ்டிமேட் சிலிப்.

ஏற்காட்டில் இருக்கும் என் மாமா மகனுக்கு வேறு ஒரு கடையில் வேறு வேட்டு வைத்தார்கள். "பதினாலு கோர், இருபத்தெட்டு திரெட், இந்த ரேட்டுக்கு யாரும் தர முடியாது தம்பி" என்று சொல்லி விற்றது இன்டெலின் ஜியான் இ5-2680 வி4. 2016-ல் சர்வர்களுக்காக வந்த ப்ராசஸர், உச்சமே 3.3 கிகாஹெர்ட்ஸ். வீடியோ ரெண்டர் செய்ய ஏதோ உதவும். ஒற்றைத் திரெட்டை நம்பி ஓடும் சிமுலேட்டருக்கு அந்தப் பதினாலும் அலங்காரம்தான்.

சரி, பட்ஜெட் இறுக்கமாக இருப்பவர் எதைத்தான் வாங்குவது? ஏஎம்டி ப்ராசஸர்களுக்கான ஏஎம்4 வகை போர்டில் என்றால் என் தேர்வு ரைசன் 5 5600. ஆறு கோர்தான், ஆனால் 32 எம்பி கேஷ் முழுசாக உண்டு. பெயரில் 7 இருக்கிற 5700-ஐ விளையாட்டுகளில் இது பல இடங்களில் முந்திவிடும், விலையும் குறைவு. 5500, 5600ஜி, 5600ஜிடி, 5700ஜி எல்லாம் 16 எம்பி ரகம். அலுவலக வேலைக்கு நல்லவைதான், இதற்கு வேண்டாம். இன்டெல் பக்கம் ஐ5-12400எஃப் நியாயமான தேர்வு. அதன் கேஷ் 18 எம்பி என்று பயப்பட வேண்டாம், கட்டமைப்பு வேறு, ஒவ்வொரு கோருக்கும் எல்2 கேஷ் தாராளம். இரண்டு நிறுவனங்களின் கேஷ் எண்ணை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. கொஞ்சம் காசு சேர்த்துக் காத்திருக்க முடிந்தால் அதற்கு அடுத்த தலைமுறையான ஏஎம்5 போர்டில் 7800எக்ஸ்3டி. நடுவில் ஆசைப்பட்டு வெறும் கோர் எண்ணிக்கைக்குப் பணம் கொட்டாதீர்கள். ஏற்கெனவே தடுமாறும் கணினி வைத்திருப்பவர்கள், செலவு செய்யும் முன் டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்லையும் (நிலப்பரப்பை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது என்ற அமைப்பு) விமானப் போக்குவரத்தையும் குறைத்துப் பாருங்கள். முதன்மைத் திரெட்டின் சுமை அதிலேயே கணிசமாக இறங்கும்.

கடையை விட்டு வெளியே வரும் முன் அங்கேயே கணினியை ஆன் செய்யச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸரின் முழுப் பெயர், எல்3 கேஷ், மெமரி பக்கத்தில் ரேம் வேகம், எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது, எல்லாம் ஒரு நிமிட வேலை. முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மாடல் எண்ணை முழுசாக எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் முழுப் பணம் தராதீர்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அதன் பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது. ரேமை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ப்ராசஸருக்குப் பதில் அதே கடையில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், நான் சம்மதிக்கவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். எஸ்டிமேட் சிலிப், பணம் அனுப்பிய ரசீது, டாஸ்க் மேனேஜர் படம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்களிடமும் இப்படி ஒரு கொட்டேஷன் இருந்தால் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அந்தச் சாட்டில் தானாக மறையும் மெசேஜ் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நான் புகார் கொடுத்த பிறகு கடைக்காரர் அதை ஆன் செய்திருந்தார். அது அதற்குப் பின் வரும் செய்திகளைத்தான் அழிக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, 5700எக்ஸ் என்று எழுதிய கொட்டேஷன் அப்படியே இருக்கிறது.