பழைய ஸ்பிளெண்டரா, புது பைக்கா, எலக்ட்ரிக்கா, பஸ்ஸா: ஏற்காடு ஏறி இறங்குபவனின் கணக்கு

போன மாதம் என் வண்டி நீலப் புகை கக்க ஆரம்பித்தது. 2012இல் வாங்கிய ஸ்பிளெண்டர். சேலம் அம்மாபேட்டை வீட்டிலிருந்து ஏற்காட்டில் நான் கணக்கு எழுதும் காபி எஸ்டேட்டுக்குப் போக வர 60 கிலோமீட்டரை ஒட்டி ஆகும். மாதத்தில் 24 நாள் இந்தப் பயணம். கோரிமேடு, அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

"போர் போட்டு பிஸ்டன் மாத்தணுங்கண்ணா" என்றார் வழக்கமான பட்டறைக்காரர். அதாவது இஞ்சின் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து புதுப் பிஸ்டன் போடும் வேலை. ஏழாயிரம் சொன்னார். ஷோரூமில் கேட்டால் பதினோராயிரத்துக்கு எஸ்டிமேட் வந்தது. அதில் நான் சொல்லாத மூன்று வேலைகளும் சேர்ந்திருந்தன. இரண்டு தாள்களையும் பார்த்த மனைவி, "இந்தக் காசை எலக்ட்ரிக் வண்டிக்கு முன்பணமாக் கட்டிடலாமில்ல?" என்றாள். நியாயமான கேள்விதான். ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில் பெட்ரோல். மாதம் 1,440 கிலோமீட்டர். ஏறும்போது குடிக்கிறது, இறங்கும்போது ஏறக்குறைய சும்மா வருகிறது. லிட்டருக்குச் சராசரியாக 50 கிலோமீட்டர் கிடைத்தால் மாதம் 29 லிட்டர். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியபின் இது மூவாயிரத்தில் நிற்கிறது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஐந்தில் ஒரு பங்கு அதைக் கலந்தால் மைலேஜ் நூற்றுக்கு ஆறு, ஏழு வரை கீழே போகும் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. கார்புரேட்டரில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பழைய வண்டிகளில் ரப்பர் சீல், டியூப் எல்லாம் இதற்காகச் செய்தவை அல்ல என்பது தனித் தலைவலி.

ஆனால் மலையில் ஓட்டுபவனுக்குச் செலவு பெட்ரோலோடு முடிவதில்லை. "ஏறுறப்ப இல்லீங்க, இறங்குறப்பதான் வண்டி சாகுது" என்று பட்டறைக்காரர் அடிக்கடி சொல்வார். பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், டயர், செயின் எல்லாமே சமவெளியில் ஓட்டும் என் தம்பிக்கு வருவதைவிடச் சீக்கிரம் தேய்கின்றன. நான் போன வருடம் செய்த முட்டாள்தனம்: பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பாதி விலைக்கு லோக்கல் பிரேக் ஷூ வாங்கிப் போட்டேன். மூன்று மாதத்தில் அது கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டது. ஒரு நாள் மாலை இறங்கும்போது பெடலை மிதிக்கிறேன், வண்டி தன் பாட்டுக்கு உருண்டுகொண்டே இருக்கிறது. இரண்டாவது கியருக்கு இறக்கி இஞ்சினை வைத்துத்தான் நிறுத்தினேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி: கண்ணாடி, இண்டிகேட்டர், கால் வைக்கும் ரப்பர் இதெல்லாம் லோக்கல் போதும். பிரேக், கிளட்ச் கேபிள், செயின் ஒரிஜினல்தான். 2025 செப்டம்பர் 22 முதல் பைக் உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. கடைக்காரர் எனக்குக் குறைத்துக் கொடுத்தாரா என்றால், அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

மலையிலிருந்து இறங்கும் இந்தப் பயணத்தை வைத்துத்தான் நான்கு வழிகளையும் எடைபோட்டேன்.

புது பைக்கைச் சீக்கிரம் தள்ளிவிட்டேன். 350 சிசிக்குக் கீழ் உள்ள வண்டிகளுக்கும் அதே நாளில் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 ஆனது, விலையும் கொஞ்சம் இறங்கியது, உண்மைதான். ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் 100 சிசி வண்டிகூட கார்புரேட்டரை விட்டு, மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டருக்குப் போய்விட்டது. டாங்கில் பெட்ரோல் பம்ப், புகைக்குழாயில் சென்சார். பனிக்காலக் காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகிறது, மைலேஜும் பரவாயில்லை. ஆனால் கோளாறு வந்தால் ஸ்பேனரோடு லேப்டாப்பும் வேண்டும். என் வண்டியின் கார்புரேட்டரில் தூசி அடைத்தால் நாகலூர் பக்கம் இருக்கும் சைக்கிள் கடைப் பையன்கூடக் கழற்றி ஊதி மாட்டிவிடுவான். அதோடு மாதத் தவணை கட்டி, அதே மூவாயிரத்துக்குப் பெட்ரோலும் போடுவதில் எனக்கு என்ன மிச்சம்?

கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டரைப் பற்றி ஒரே வரி: இறக்கத்தில் கியர் வண்டியைப் போல இஞ்சின் இழுத்துப் பிடிக்காது, பாரம் முழுக்க பிரேக்கில் விழும். எனக்கு வேண்டாம்.

எலக்ட்ரிக்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. வண்டியும் நானும் சேர்ந்து 190 கிலோ என்று வைத்தால், 1,200 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் அரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தேவை. மோட்டாரில் வீணாவது, சாதாரணமாக ஓடுவதற்கு ஆவது எல்லாம் சேர்த்தால் ஒரு தடவை ஏற ஒன்றரை யூனிட். மூன்று யூனிட் பேட்டரி என்றால் பாதி காலி. விளம்பரத்தில் சொல்லும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் சமவெளியில் நிதானமாக ஓட்டுபவர்களுக்கு. சரி, ஆனாலும் போய்ச் சேர்ந்துவிடும், இறங்கவும் கரண்ட் மிச்சம் இருக்கும்.

செலவைப் பார்த்தால் ஆச்சரியம்தான். ஒரு நாளைக்கு இரண்டு யூனிட், சார்ஜ் ஏற்றும்போது போகும் இழப்போடு சேர்த்து மாதம் 50, 60 யூனிட். மூவாயிரம் ஆகும் இடத்தில் சில நூறு ரூபாய். ஒரே ஜாக்கிரதை, இரண்டு மாதத்துக்கு 100, 120 யூனிட் கூடுவதால் வீட்டு மீட்டர் 500ஐத் தாண்டிவிட்டால் மொத்தக் கட்டணமே எகிறும். எங்கள் வீட்டில் ஏசி இல்லை, தப்பித்தோம். ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தான். ஆயில் இல்லை, கிளட்ச் இல்லை, போர் போடும் பேச்சே இல்லை.

இறக்கத்தில்கூட இதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஆக்சிலேட்டரை விட்டால் மோட்டாரே டைனமோவாகி வண்டியைப் பிடித்து, கொஞ்சம் கரண்டைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஆனால் ஆபீசில் முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டு உடனே இறங்கினால் நிரம்பிய பேட்டரியில் அதை வாங்க இடம் இருக்காது. அப்போது பாரம் மறுபடியும் பிரேக் மேல்தான். ஏற்காட்டிலிருந்து இறங்குபவர்கள் எண்பது சதவீதத்தோடு பிளக்கைப் பிடுங்குவது நல்லது.

அப்படியென்றால் ஏன் வாங்கவில்லை? நின்றுவிட்டால் யாரிடம் போவது என்பதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பக்கத்து எஸ்டேட் சூப்பர்வைசருடைய எலக்ட்ரிக் வண்டி ஒரு மழைநாளில் திரையில் ஏதோ எழுத்தைக் காட்டிவிட்டு நின்றது. டாடா ஏசில் ஏற்றிச் சேலத்துக்கு இறக்கினார்கள். பார்ட் வர பத்தொன்பது நாள். வாரண்டியில் செலவில்லாமல் முடிந்தது, ஆனால் அந்த நாட்களில் அவர் பஸ்ஸில்தான் வந்தார். வாரண்டி முடிந்தபின் பேட்டரி போனால் வண்டி விலையில் பெரும்பங்கு அதுவே கேட்கும்.

பஸ்ஸைச் சொல்ல மறக்கக் கூடாது. பணத்தை மட்டும் பார்த்தால் பெட்ரோலைவிடக் குறைவு, தேய்மானம் ஒரு பைசா கிடையாது. ஆனால் அம்மாபேட்டையிலிருந்து ஒரு டவுன் பஸ், அப்புறம் மலை பஸ், இறங்கி எஸ்டேட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடை. சனி ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் வந்தால் சுற்றுலாக் கூட்டத்தில் படியில் நிற்கவும் இடம் இருக்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது மட்டும் எல்லாரும் ஒன்றாகிவிட்டோம். பைக், பஸ் எதுவானாலும் வீட்டில்தான்.

கடைசியில் பட்டறையில் ஏழாயிரம் கொடுத்துப் போர் போட்டேன். ஏறக்குறைய ரெண்டே கால் மாதப் பெட்ரோல் காசு என்று மனைவி உடனே கணக்குச் சொன்னாள். கூடவே இரண்டு பக்கமும் ஒரிஜினல் பிரேக் ஷூ. வாரத்தில் இரண்டு நாள் பஸ் என்று தீர்மானம், இதுவரை ஒரு வாரம் கடைப்பிடித்திருக்கிறேன். உங்கள் ஓட்டம் ஜங்ஷன், ஐந்து ரோடு, கொண்டலாம்பட்டி என்று ஊருக்குள்ளேயே என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள், எலக்ட்ரிக்கை வாங்குங்கள்.

2027இல் என் வண்டிக்கு 15 வயது ஆகிறது. ஆர்சி புதுப்பிக்க ஆயிரம் ரூபாய் கட்டணம், மேலே பசுமை வரி, எப்.சி. எனும் தகுதிச் சான்று என்று அலைச்சல். அதற்குள் ஏற்காட்டில் எலக்ட்ரிக் வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒரு பட்டறை வந்துவிட்டால் கணக்கு நோட்டை மறுபடி எடுக்கலாம்.