ஹெய்யான் அடுக்கா, எடோ சாம்பலா?

ஜப்பானிய நிறச் சேர்க்கை என்றாலே எனக்கு இரண்டு வழிகள் நினைவுக்கு வரும். ஒன்று ஹெய்யான் காலத்து (794–1185) அரசவைப் பெண்களின் அடுக்கு உடை, இன்னொன்று எடோ காலத்து (1603–1868) வியாபாரிகளின் பழுப்பும் சாம்பலும்.

அடுக்கு நிறங்களுக்கு ‘கசானே’ என்று பெயர். ‘சகுரா’ (செர்ரிப் பூ) சேர்க்கையைப் பாருங்கள்: மேலே வெள்ளைப் பட்டு, அடியில் சிவப்பு. மேல் பட்டு அத்தனை மெல்லிசு என்பதால் சிவப்பு லேசாகக் கசிந்து, இளஞ்சிவப்புச் சாயமே தொடாத துணி செர்ரி இதழ் மாதிரி தெரியும். அழகுதான், ஆனால் பருவத்துக்குப் பருவம் சேர்க்கையை மாற்ற வேண்டும்.

எடோ கதையே வேறு. ஆடம்பரத் தடைச் சட்டங்களால் பகட்டான சிவப்பும் ஊதாவும் சாதாரண மக்களுக்குக் கூடாது என்றானது. சரி, அனுமதித்த நிறத்திலேயே விளையாடுவோம் என்று சாயக்காரர்கள் இறங்கிவிட்டார்கள். ‘நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு சாம்பல்’ என்று சொலவடையே உண்டு (எண்ணிப் பார்த்த கணக்கில்லை, ஏராளம் என்று அர்த்தம்). கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் நடிகர் இரண்டாம் செகாவா கிகுனோஜோவால் பிரபலமான பச்சை கலந்த பழுப்புக்கு, அவருடைய புனைபெயரான ரோகோவை வைத்தே ‘ரோகோச்சா’ என்று பெயர் வந்தது. அப்புறம், வெளியே மங்கலாக இருக்கும் அங்கியின் உள் துணியில் பளிச்சென்று ஓவியமே தீட்டி வைப்பார்கள்.

கண்ணுக்கு முதலில் பிடிப்பது கசானேதான். ஆனால் ஒரு சுவருக்கோ அட்டைப்படத்துக்கோ நிறம் தேடினால் நான் எடோ பக்கம்தான் போவேன், இரண்டு சாம்பலுக்கு நடுவில் அவ்வளவு இடம் இருக்கிறது.