ஏபிஐக்கு வரும் இன்புட்டை எங்கே சரிசெய்வது: ஹேண்ட்லரா, ஸ்கீமாவா, டேட்டாபேஸா?

பெயர், மொபைல் நம்பர், தேதி என்று யூசர் அனுப்புவதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலையை மூன்று இடத்தில் செய்யலாம். ஒவ்வொரு ஹேண்ட்லருக்குள்ளும் (ஒரு வகை ரிக்வெஸ்டைக் கவனிக்கும் ஃபங்ஷன்) கையால் எழுதலாம், ரிக்வெஸ்ட் உள்ளே வரும்போதே ஸ்கீமாவில் (எந்தக் கட்டத்தில் என்ன வரலாம் என்ற வரையறை) முடிக்கலாம், இல்லை டேட்டாபேஸ் தலையில் கட்டிவிடலாம். உறுப்பினர் பதிவுக்கான ஒரு ஏபிஐயில் நான் ஸ்கீமாவைத்தான் எடுத்தேன், இப்போதும் அதே கட்சிதான். முன்பின் இடைவெளியை வெட்டுவது, ஈமெயிலில் டொமைனைச் சின்ன எழுத்தாக்குவது எல்லாம் எங்கே செய்தாலும் ஒன்றுதான், அதை விடுங்கள்.

வித்தியாசம் தெரிவது தேடும்போது. 'கோமதி' என்ற பெயரின் முதல் எழுத்தை க, ோ என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம், க, ே, ா என்று மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு. ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவம் இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிடும், ஒரே வரி கோடுதான். ஆனால் அந்த வரி பதிவில் இருந்து தேடலில் இல்லாவிட்டால், ஆள் பட்டியலில் இருப்பார், தேடினால் வரமாட்டார். மொபைல் நம்பரும் அப்படித்தான்: ஒருவர் +91 போடுவார், இன்னொருவர் முன்னால் பூஜ்யம் போடுவார், மூன்றாமவர் நடுவில் இடைவெளி விடுவார்.

பதிவு, திருத்தம், தேடல், சிஎஸ்வி ஃபைலிலிருந்து மொத்த ஏற்றம் என்று நான்கு வாசல் இருந்தால், ஹேண்ட்லர் வழியில் அதே விதிக்கு நான்கு நகல். கொஞ்ச நாள் கழித்து யாராவது கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இடைவெளியையும் நீக்கலாம் என்று ஒன்றில் மட்டும் சேர்ப்பார் (முன்பின் இடைவெளியை வெட்டும் பைத்தானின் ஸ்ட்ரிப்பும் ஜாவாஸ்கிரிப்டின் ட்ரிமும் அதைத் தொடாது), மற்ற மூன்றும் பழையபடி நிற்கும். ஸ்கீமாவில் 'உறுப்பினர் பெயர்' என்று ஒரு டைப் எழுதி நான்கு வாசலிலும் அதையே மாட்டினால் விதி ஒரே இடத்தில் இருக்கும். விதி மாறினால் டேபிளில் உள்ள பழைய வரிசைகளையும் திருத்த வேண்டும் இல்லையா, அந்த ஸ்கிரிப்டும் அதே ஃபங்ஷனைக் கூப்பிட்டுக்கொள்ளும். என் கணக்கில் பராமரிப்புதான் முடிவு செய்தது, மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்கீமா என்றதும் லைப்ரரியின் தானியங்கி மாற்றத்தைத் திறந்துவிட்டு உட்காரலாம் என்று அர்த்தமில்லை. ஜாவாஸ்கிரிப்டுக்கான ஸாட் லைப்ரரியில் கோயர்ஸ் (அதாவது அந்தத் தானியங்கி மாற்றம்) போட்ட பூலியனுக்கு 'ஃபால்ஸ்' என்ற சொல் ஸ்டிரிங்காக வந்தால் அது ட்ரூ ஆகிவிடும், ஏனென்றால் காலியில்லாத எந்த ஸ்டிரிங்கும் அங்கே ட்ரூதான். காலியாக விட்ட எண் கட்டமோ 0 ஆகிவிடும், எர்ரரே வராது. பைத்தானின் பைடான்டிக் லைப்ரரி இந்த விஷயத்தில் பரவாயில்லை, யெஸ், ஆன், 1 எல்லாவற்றையும் ட்ரூ என்றும் நோ, ஆஃப், 0 ஆகியவற்றை ஃபால்ஸ் என்றும் பொருள் பார்த்துத்தான் எடுக்கிறது. இருந்தாலும் அதிலும் நான் தானாக மாற்றாத ஸ்ட்ரிக்ட் மோடை ஆன் செய்துவிட்டு, வேண்டிய மாற்றங்களை மட்டும் நானே எழுதுகிறேன். தேதியில் மாற்றமே வேண்டாம் என்பேன். 03/04/2025 ஏப்ரலா மார்ச்சா என்று ஊகிப்பதற்குப் பதில் 422 (வந்த தரவு செல்லாது என்னும் எர்ரர் கோடு) திருப்பி அனுப்பி, 2025-04-03 என்று கேட்டு வாங்குவது மேல்.

டேட்டாபேஸ் வழிக்கு ஒரு நிஜமான பலம் உண்டு: ஏபிஐயைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே எழுதும் ஸ்கிரிப்டையும் அது பிடிக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 13ஆம் பதிப்பு முதல் நார்மலைஸ் ஃபங்ஷனும், ஒரு ஸ்டிரிங் ஏற்கெனவே என்எஃப்சியில் இருக்கிறதா என்று கேட்கும் வசதியும் உண்டு. இரண்டாவதை மட்டும், பொருந்தாத வரிசையை ஏற்காத செக் கட்டுப்பாடாகக் காவலுக்கு வைத்திருக்கிறேன், மாற்றும் வேலையை அதனிடம் தரவில்லை. அங்கே தடுக்கப்பட்டால் யூசருக்குப் போவது எந்தக் கட்டத்தில் என்ன தப்பு என்று புரியாத எர்ரர்தான், அதைத் தனியாக மொழிபெயர்த்து அனுப்ப வேண்டியிருக்கும்.

எந்த வழியிலும் தீராத ஒன்று, 'கௌ'வை க, ெ, ள என்று ள எழுத்தைப் போட்டு அடித்திருப்பது. ள என்பது உண்மையான எழுத்து என்பதால் என்எஃப்சி அதைத் தொடாது, 'கெளுத்தி' போன்ற சொல் கெட்டுவிடும் என்பதால் நானும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவில்லை.

நான் பார்த்ததெல்லாம் ஒரே மொழியில் எழுதிய சின்ன சர்வீஸ்கள். ஒரே டேபிளில் பைத்தான், ஜாவா, பிஹெச்பி என்று மூன்று பேர் எழுதும் இடத்தில் 'ஒரே ஃபங்ஷன்' என்ற வாதம் உடைந்துவிடும், அங்கே டேட்டாபேஸே சரியாக இருக்கலாம்.