வாரத்துக்கு 4 லீற்றர்: எரிபொருள் கியூ.ஆர். சேவை பற்றிய ஒரு பாவனையாளரின் மதிப்பீடு

என் பணப்பையில் பிளாஸ்ரிக் உறையிட்ட சிறிய கறுப்பு வெள்ளைச் சதுரமொன்று இன்னமும் கிடக்கிறது. 2022 ஜூலை 16 ஆம் திகதி அறிமுகமாகி, ஆகஸ்ட் தொடக்கத்தில் நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டு, 2023 செப்டெம்பர் 1 ஆம் திகதி விலக்கிக்கொள்ளப்பட்ட தேசிய எரிபொருள் அனுமதி அட்டையின், அதாவது வாகனமொன்றுக்கு வாரம் எவ்வளவு எரிபொருள் என்று கியூ.ஆர். குறியீட்டால் அளந்து கொடுத்த அட்டையின், அச்சுப் பிரதி அது. இலங்கையின் பொருளாதார மீட்சியைப் பற்றிப் பேசுவோர் அந்தச் சேவையை ஒரு வெற்றிக் கதையாக எடுத்துக்காட்டுவதுண்டு. ஓராண்டுக்கும் மேலாக யாழ்ப்பாணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளோடு அதைப் பாவித்தவன் என்ற முறையில், அது எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்று எழுதிவைக்கத் தோன்றியது.

சேவையாக மட்டும் பார்த்தால் அதற்கு உயர்ந்த புள்ளியே கொடுப்பேன். அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், அடிச்சட்ட இலக்கம் ஆகியவற்றை இணையத்தில் பதிந்துவிட்டால் குறியீடு கைக்கு வந்துவிடும். பிரதேச செயலகத்துக்கு அலையவோ எவரிடமும் கையொப்பம் கேட்டு நிற்கவோ தேவையிருக்கவில்லை. வாகனப் புத்தகத்தை வைத்திருப்பவருக்கே எளிதில் தெரியக்கூடிய அடிச்சட்ட இலக்கத்தைக் கேட்டது சாமர்த்தியமான ஏற்பாடு. திறன்பேசி இல்லாதவர் அச்செடுத்த தாளைக் காட்டினாலும் போதும் என்று விட்டதில், வடிவமைத்தவர்கள் வரிசையில் நிற்கும் மனிதரை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. குறை சொல்வதானால் இணைப்பு இடைக்கிடை அறுந்துபோகும். ஒருமுறை பம்புக்கு முன்னால் போய்ச் சேர்ந்த பிறகு, ஊழியரின் கைப்பேசிக்குச் சிக்னல் வரும்வரை முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றேன். ஆனால், அதற்கு முந்திய மாதங்களில் வண்டியை வரிசையில் விட்டுவிட்டு அதற்குள்ளேயே இரவைக் கழித்தவர்களுக்கு முக்கால் மணித்தியாலம் ஒரு பொருட்டே இல்லை.

பங்கீடு பற்றி அவ்வளவு நல்லவிதமாகச் சொல்ல முடியாது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று வாகனத்தின் வகையைப் பார்த்து அளந்தார்களே தவிர, அந்த வாகனம் யாருக்குச் சோறு போடுகிறது என்று தொடக்கத்தில் பார்க்கவில்லை. லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 5 லீற்றரில் ஒரு முச்சக்கர வண்டிச் சாரதி வாரம் 125 கிலோமீற்றர்தான் ஓடலாம்; அதில் ஆளில்லாமல் திரும்பி வரும் தூரமும் அடக்கம். வீட்டு வாசலில் நின்ற காரோ 20 லீற்றரையும் ஆறுதலாக நிரப்பிக்கொண்டது. 2023 ஏப்ரலில் இந்த அளவுகள் முறையே 7, 8, 30 லீற்றராக உயர்ந்தபோதும் அந்த இடைவெளி குறையவில்லை.

வரிசைகள் மறைந்த பெருமை முழுவதையும் இந்தச் சதுரத்துக்குக் கொடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்த நாடு இது. பாவிக்கக்கூடிய அந்நியச் செலாவணிக் கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று மே மாதத்தில் நிதியமைச்சரே சொன்னார். எரிபொருள் வாங்குவதற்கென இந்தியா வழங்கிய 500 மில்லியன் டொலர் கடன்வசதி சில மாதங்களுக்கு மூச்சுவிட வைத்தது. மறுபுறம், அவ்வாண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒக்ரேன் 92 பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாவானது. பாதிப் பயணங்களை அந்த விலையே நிறுத்திவிட்டது. மீதியைத்தான் அட்டை ஒழுங்குபடுத்தியது. அடக்கவிலைக்குக் கீழே விற்று, அந்த நட்டத்தை அரச வங்கிகளின் தலையில் சுமத்திவந்த பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழக்கம், செலவுக்கேற்ப மாதந்தோறும் விலையை மாற்றும் விலைச்சூத்திரத்தோடு முடிவுக்கு வந்தது. 2023 மார்ச் 20 ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் அங்கீகரித்த ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் திட்டத்திலும் செலவை ஈடுசெய்யும் எரிபொருள் விலை ஒரு முக்கிய நிபந்தனை. கட்டமைப்புச் சீர்திருத்தம் என்ற பெயருக்கு உரியது இதுதான், கியூ.ஆர். அதற்கு ஓராண்டு அவகாசம் வாங்கிக் கொடுத்த இடைக்கால ஏற்பாடு.

வடக்கிலிருந்து எழுதுவதால் மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தொண்ணூறுகளில், போரின்போது வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில், நாலு துளி பெற்றோலை விட்டு மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. பங்கீடு எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் வாகன இலக்கத்தை நம்பியிருந்த இந்த முறைக்குள், மண்ணெண்ணெயில் ஓடும் மீன்பிடிப் படகுக்கு இடம் கிடைக்கவில்லை. 2022 ஓகஸ்ட் 22 ஆம் திகதி மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவானபோது, கடற்றொழிலாளரின் கையில் காட்டுவதற்கு எந்தக் குறியீடும் இருக்கவில்லை. மானியத்தை நிறுத்தியது கணக்குக்குச் சரி. ஆனால், எவருக்கு எவ்வளவு என்று இலட்சக்கணக்கான வாகனங்களுக்கு அளந்து கொடுத்த அதே தொழில்நுட்பத்தை, படகுகளையும் பதிந்து நேரடி உதவி கொடுக்கப் பயன்படுத்தியிருக்கலாம்.

அட்டை விலக்கப்பட்ட அந்த நள்ளிரவிலேயே பெற்றோல் லீற்றருக்கு 13 ரூபாவால் கூடி 361 ரூபாவானது. அடுத்த நாள் காலை நிரப்பு நிலையத்தில் எனக்கு முன்னால் இரண்டே வண்டிகள் நின்றன. பழக்கத்தில் பணப்பையைத் திறந்து சதுரத்தை எடுத்து நீட்டினேன்; பம்புக்காரத் தம்பி சிரித்துவிட்டு, “எவ்வளவுக்கு அடிக்கட்டும் அண்ணை?” என்று கேட்டான்.